வெள்ளிக்கிழமைக் கத்தரிக்காய்

அந்தப் புதன்கிழமை இரண்டு மணிக் கட்டுரை வகுப்புக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். கரும்பலகைக்குப் பக்கத்தில், மேசை மூலையில் சாய்ந்தபடி, விரிவுரையாளர் வசந்தினி மிஸ். கதிரை இருந்தும் அவர் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. யன்னலோர வாங்கில் நிவேதனாவும் ஜெயகௌரியும். மின்விசிறிக்கு நேர் கீழே, தாள்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, சுன்னாகத்துப் பார்த்தீபன். கதவடியில், மணி எப்போது அடிக்கும் என்ற யோசனையோடு கிறகோரி. நடு வாங்கில் வல்வெட்டித்துறை ஆரபி. அவளுக்கு வலப்பக்கம் இருந்த இடம் வெறுமை. அது பஹ்மிதாவின் இடம். மச்சாள் ஒருத்தியின் கலியாணத்துக்கென்று அவள் புத்தளம் போயிருந்தாள்.

இதெல்லாம் ஆரபியின் கொப்பியில் மேல் மூலையில் எழுதப்பட்டிருந்தது. அவளுக்கு அது கைப்பழக்கம். ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கிற காலத்திலிருந்தே கடற்றொழிலாளர் சங்கத்துக் கூட்ட அறிக்கையை அவள்தான் எழுதுவாள். செயலாளர் அவளுடைய அப்பா நடராசா. அவருடைய கையெழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது. யார் வந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்று எழுதாவிட்டால், அடுத்த மாதம் “நான் அண்டைக்கு வரவேயில்லை, அப்பிடிச் சொல்லவும் இல்லை” என்று யாராவது எழும்பி நிற்பார்கள். அதோடு, கடிதம் என்றால் முகவரி, திகதி, விடயம், உடல், ஒப்பம் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததும் சேர்ந்துகொண்டது. எதை எழுதினாலும் அது கடைசியில் ஒரு விண்ணப்பமாகத்தான் வந்து நிற்கும்.

போன கிழமை அதுதான் நடந்தது. ‘மறக்க முடியாத ஒரு சாப்பாடு’ என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் மிஸ். பள்ளிக்கூடக் கன்ரீனில் ஒரு றோல்ஸை நாலு பேர் நூலால் அறுத்துப் பங்கிட்டதையும், நூலைச் சூப்பியவனுக்குத்தான் கூடப் போனது என்று சண்டை வந்ததையும் கிறகோரி எழுதியிருந்தான். ஆரபியின் முறை வந்தபோது அவள் எழும்பி நின்று வாசித்தாள்.

“விடயம்: எமது இல்லத்தில் 09.12.2023 அன்று காய்ச்சப்பட்ட கூழ் தொடர்பானது. மேற்படி கூழில் நண்டு பன்னிரண்டும், இறால் ஒரு கிலோவும், பயற்றங்காய் ஒரு பிடியும் இடப்பட்டன. கூழ் குடித்தோரின் பெயரும் இருந்த இடமும் கீழே தரப்படுகின்றன.”

வாங்குகள் கிடுகிடுத்தன. நிவேதனா கண்ணைத் துடைத்தாள். ஆரபியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் காது சூடாகிவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தீபன்தான் சொன்னான்:

“ஆரபி, குறை நினைக்காதையும். உம்மடை கூழை எல்லாரும் குடிக்கினம். ஒருத்தருக்கும் பசிக்கேல்லையே!”

அந்த ஒரு பேச்சு அவளோடு பஸ்ஸில் ஏறி, தொண்டைமானாற்றுப் பாலம் தாண்டி, வீடு வரைக்கும் வந்தது. எந்தச் சாப்பாட்டில், யாருக்கு உண்மையாகவே பசித்தது? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் விடை கிடைத்தது. பசித்தது அவளுக்குத்தான். பஹ்மிதாவின் வீட்டில், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில்.

அதைத்தான் இந்தப் புதன்கிழமை அவள் வாசித்தாள்.

நடந்தது இதுதான். அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை பஹ்மிதா சொன்னாள், “வெள்ளிக்கிழமை வகுப்பில்லைத்தானே, மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வாரும். உம்மா கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ.” பஹ்மிதாவின் உம்மா நஜ்முன்னிஸாவின் புரியாணி கல்லூரியில் பேர்போனது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பஹ்மிதா கொண்டுவந்த சட்டியைச் சுற்றி நடந்த தள்ளுமுள்ளில் கிறகோரியின் செருப்பு அறுந்ததென்றால் பாருங்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடி வெள்ளி. ஆரபியின் வீட்டில் மீன் அவிக்கிற சட்டிகூட அன்றைக்குக் குசினிக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கும். மீனோ இறைச்சியோ, மச்சம் என்ற பேச்சே இல்லை. மூன்று நாள் அவள் தன்னோடு வழக்காடினாள். புரியாணி போட்டுத் தரும்போது வேண்டாம் என்று சொன்னால் அன்ரியின் முகம் என்ன பாடுபடும்? விருந்துக்குக் கூப்பிட்டவர்களின் மனதை நோகடிக்கலாமா? இந்த நியாயம் அவளுக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு வாயூறல் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு, “வெள்ளிக்கிழமையும் வகுப்பு இருக்கு” என்றாள். அம்மா கனகாம்பிகை விடிய எழும்பிப் புட்டு அவித்து, பூசணிக்காய்க் கறியும் வைத்துப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பார்சல் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பார்த்தீபனின் கைக்கு மாறியது. அவன் எதற்கு என்று கேட்கவில்லை. சாப்பாடு வந்தால் கேள்வி கேட்கிற குடும்பத்தில் அவன் பிறக்கவில்லை.

பஹ்மிதாவின் வீட்டு மேசையில் இருந்தவர்களையும் ஆரபி எழுதியிருந்தாள். தலைமாட்டில், ஜும்ஆத் தொழுகை முடித்து வந்த தொப்பியோடு, வாப்பா அப்துல் மஜீத். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவருக்கு இடப்பக்கம் பஹ்மிதா. எதிரே ஆரபி. நஜ்முன்னிஸா இருக்கவில்லை. நின்றபடியே மூடியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

வெள்ளைச் சோறு. பருப்பு. முருங்கைக்காய்க் குழம்பு. பொரித்துக் குழம்பு வைத்த கத்தரிக்காய். ஒரு தட்டு நிறைய அப்பளம்.

“வெள்ளிக்கிழமை எண்டு எனக்குத் தெரியும் மகள்,” என்றார் நஜ்முன்னிஸா. “ஒண்டுக்கும் யோசியாமல் சாப்பிடும். சட்டியெல்லாம் புதுசு. அகப்பையும் புதுசு. ரெண்டு நாளாக் கஞ்சித்தண்ணி விட்டு அவிச்சுப் பழக்கினது. இறைச்சி பட்ட ஒரு சாமானும் கிட்ட வரேல்லை.”

ஆரபி கத்தரிக்காயைப் பார்த்தாள். கத்தரிக்காயும் அவளைப் பார்த்தது.

“என்ன நஜ்மு,” என்றார் அப்துல் மஜீத் மெல்ல, “எங்கடை வீட்டிலையும் கோயில் கொடியேறிட்டுதோ?”

“வாயை வைச்சுக்கொண்டு சாப்பிடுங்கோ.”

“வாயை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சாப்பிடுறது?”

அவர் ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்து, வழக்குத் தோற்றவரைப் போலச் சப்பினார். இரண்டு தரம் குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். எங்கிருந்தோ கறுவாவும் நெய்யும் கலந்த ஒரு மணம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தபடி ஆரபி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதே நேரத்தில் எங்கேயோ பார்த்தீபன் அவளுடைய புட்டைத் தின்றுகொண்டிருந்தான். அவள் எங்கே போனாலும் அன்றைக்குச் சைவம்தான் என்று தலையில் எழுதியிருந்தது.

ஆரபி வாசித்து முடித்தாள். உடனே பார்த்தீபன் மேசையில் அடித்தான். “அந்தப் பூசணிக்காய்க் கறிக்கு நான் சாட்சி! உப்புக் கொஞ்சம் கூட, அதையும் எழுதும்!” நிவேதனா, “கத்தரிக்காயும் அவளைப் பார்த்ததாம்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குத்தான் வசந்தினி மிஸ் முதன்முதலாகக் கதிரையில் இருந்தார். சிரித்துக் களைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “ஆரபி, இது துறைச் சஞ்சிகையிலை முதல் பக்கம். வாற திங்களுக்கு அடுத்த திங்கள் அச்சுக்குப் போகுது. திருத்தி எழுதித் தாரும்” என்றார்.

பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டுதான் வந்தாள். ஆனாலும் அந்த ஒரு மணித்தியாலம் அவளுக்குக் கால் நோகவில்லை. முதல் பக்கம். ஒப்பம் வைக்கத் தேவையில்லாத ஒன்றை அவள் எழுதிவிட்டாள்.

திங்கட்கிழமை பஹ்மிதா புத்தளத்திலிருந்து வந்துவிட்டாள். கன்ரீனில் பிளேன்ரீயும் வடையுமாக இருந்தபோது, கட்டுரையின் விடயம் அவளுக்குத் தெரியாது என்பது தெரியாமல் பார்த்தீபன் சொன்னான், “உங்கடை வீட்டுக் கத்தரிக்காய் புத்தகத்திலை வரப்போகுது, தெரியுமே?”

“என்ன கத்தரிக்காய்?”

ஆரபி கொப்பியைக் கொடுத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஹ்மிதா முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். இன்னொரு தரம் நடுப்பக்கத்துக்குப் போனாள். பிளேன்ரீ ஆறிப்போனது.

“இதை வகுப்பிலை வாசிச்சனீரோ?”

“ஓம்.”

“எல்லாரும் சிரிச்சவையோ?”

“ஓம்... ஆனா உம்மாவைப் பாத்து இல்லை. என்னைப் பாத்துத்தான்.”

“உம்மா அந்தச் சட்டிக்காகத் திருநெல்வேலிச் சந்தைக்கு ரெண்டு தரம் போனவ. முதல் வாங்கினதிலை கீறல் இருந்ததெண்டு திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தவ. நீர் புரியாணிக்கு வந்தனீர் எண்டு தெரிஞ்சால் அவவுக்கு எப்பிடி இருக்கும்? நீர் சட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர். உம்மாவைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கொப்பியை மூடி, மேசையில் இருந்த தண்ணீர் படாமல் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனாள். மத்தியான வகுப்பில் ஜெயகௌரிக்குப் பக்கத்தில் இருந்தாள். நடு வாங்கின் வலப்பக்கம் மறுபடியும் வெறுமை. இந்த முறை அதைக் கொப்பி மூலையில் எழுத ஆரபிக்குக் கை வரவில்லை.

யன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க, அவள் தன் கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டாள். மேசைப் பட்டியலில் கண் நின்றது. ‘நஜ்முன்னிஸா இருக்கவில்லை.’ எழுதியது அவள்தான். சோறு போட்டு, குழம்பு விட்டு, அப்பளம் நொறுக்கி வைத்து, முடியும்வரைக்கும் அந்த மனிசி நின்றுகொண்டே இருந்திருக்கிறார். எப்போது சாப்பிட்டார்? கட்டுரையில் அது இல்லை. அன்றைக்கு அவள் பார்க்கவும் இல்லை.

முதல் பக்கம் போனால் போகட்டும். வலப்பக்கம் இப்படியே இருந்தால் இன்னும் ஒன்றரை வருஷத்தை எப்படிப் படித்து முடிப்பது?

நாலு மணிக்கு பஸ் தரிப்பில் நின்றபோது ஒரு ஸ்கூட்டி வந்து அவளுடைய காலடியில் நின்றது. பஹ்மிதா தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னாள்:

“உம்மடை பட்டியல் பிழை.”

“என்ன பிழை?”

“அண்டைக்கு வீட்டிலை இருந்தவையிலை ஒரு ஆளை விட்டிட்டீர். குசினிக்கை, கதவுக்குப் பின்னாலை, மூடி போட்டு, அதுக்கு மேலை அம்மிக்குழவி வைச்சு. முழுப் பெரிய சட்டி. புரியாணி.”

“புரியாணியோ!” என்றாள் ஆரபி.

“வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குப் புரியாணி இல்லாட்டி வீட்டிலை இருக்கேலாது. உம்மா விடியவே சமைச்சு ஒளிச்சுப்போட்டா. ‘அந்தப் பிள்ளை போகுமட்டும் மூச்சு விடக்கூடாது’ எண்டு வாப்பாவுக்குச் சொல்லி வைச்சது. நீர் என்னடாவெண்டால் மூண்டு தரம் சோறு போட்டுக் குடுக்கக் குடுக்க இருந்து சாப்பிடுறீர்! மனிசன் மணிக்கூட்டைப் பாக்குறார், கதவைப் பாக்குறார்...”

“அப்ப அந்த மணம்?”

“பக்கத்து வீடு இல்லை, மோட்டுப் பிள்ளை. உமக்குப் பின்னாலை எட்டடியிலை.” அவளுடைய குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது. “மத்தியானம் வாப்பாவுக்கு ஃபோன் எடுத்து, அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கோ எண்டு கேட்டனான். அவர் சிரிச்ச சிரிப்பிலை ஆணி வாங்க வந்த ஆள் ஆணியை விட்டிட்டுப் போட்டாராம். நீர் தெருமுனை தாண்ட முதல் அவர் ரெண்டு கோப்பை புரியாணியை முடிச்சிட்டார், தெரியுமே?”

இரண்டு பேரும் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தரிப்பில் நின்ற ஒரு ஐயா தள்ளிப்போய் நின்றார்.

சிரிப்பு முடிந்ததும் பஹ்மிதா தலைக்கவசத்தை இறுக்கினாள். “ஆனா ஒண்டு. உம்மா ஓம் எண்டால்தான் இது புத்தகத்திலை வரலாம். நான் கேக்கமாட்டன். நீர்தான் கேக்கோணும்.”

“வட்ஸ்அப்பிலை குரல் அனுப்பட்டே?”

“அனுப்பும். மாமி, சின்னம்மா, பக்கத்து வீடு எல்லாரும் இருக்க, உம்மா அதை முழுச் சத்தத்திலை போட்டுக் கேப்பா.” ஸ்கூட்டி உறுமியது. “எழுதும். உமக்கு வேறை என்ன தெரியும்?”

வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி வாசலில் பலகை போட்டு விளைமீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே விறாந்தையில் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். முதலில் இங்கே சொல்லாமல் அங்கே எழுத முடியாது என்று ஆரபி பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்தாள்.

“அம்மா, ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பெண்டு போனனான் எல்லே. வகுப்பு இல்லை.”

கத்தி நிற்கவில்லை. “பிறகு?”

எல்லாவற்றையும் சொன்னாள். புரியாணி என்ற இடத்தில் கத்தி நின்றது.

“அம்மாளாச்சியின்ரை மாசத்திலை!”

“தின்னேல்லை அம்மா.”

“தின்னவெண்டுதானே போனனீ?”

“ஓம்.”

“உங்கை என்ன பெரிய விசாரணை நடக்குது?” என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

“உங்கடை சங்கத்து எழுத்தாளர் களவாப் புரியாணிக்குப் போய்க் கத்தரிக்காய் திண்டிட்டு வந்திருக்கிறா!” என்று கத்தியவள், சொல்லி முடிக்க முதல் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். விறாந்தையில் அப்பா சிரிக்கிற சத்தம் வானொலியை மேவிக் கேட்டது. “அது கிடக்கட்டும், என்ரை புட்டை ஆர் திண்டது?” என்று கேட்டாள் அம்மா.

“பார்த்தீபன்.”

“கறி என்னவாம்?”

“உப்புக் கொஞ்சம் கூடவாம்.”

“ஓசியிலை திண்டவனுக்கு வாய்!” அம்மா மீனைத் திருப்பிப் போட்டு, மற்றப் பக்கத்துச் செதிலை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், “அந்த மனிசி உண்மையாவே புதுச்சட்டி வாங்கினதோ?”

“ஓம். கீறல் எண்டு ஒருக்காத் திருப்பிக் குடுத்து மாத்தினவ.”

அம்மா எழும்பிக் கையைக் கழுவினாள். “அவையைக் கூழ் குடிக்க வரச் சொல்லி எழுது. சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வேண்டாம். நண்டு சாப்பிடுவினமோ?”

“தெரியாது.”

“அப்ப கேட்டு எழுது. நான் ஒண்டை நினைச்சுக் காய்ச்ச, அவை ஒண்டை நினைச்சு வர, பிறகு இன்னொரு கத்தரிக்காய்க் கதையாப் போகும்.” உள்ளே போனவள் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “நாளைக்கு ஒரு புதுப்பானை வாங்கோணும். எங்கடை பானையிலை என்னென்னவெல்லாம் காய்ச்சினது, ஆருக்குத் தெரியும்.”

“அதையும் எழுதட்டே?”

“அதை எழுதாதை!”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரபி மேசைக்குப் போய், முதலில் கட்டுரையைத் திருத்தி முடித்தாள். வலது மூலையில் முகவரியும் திகதியும் எழுதினாள். ‘விடயம்’ என்று எழுதி, பார்த்து, வெட்டினாள். இன்னொரு தாள் எடுத்தாள்.

“அன்புள்ள அன்ரிக்கு,

ஆடி மாதம் உங்கள் வீட்டில் நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். முதலாம் தரம் மரியாதைக்கு. இரண்டாம் தரம் வெட்கத்துக்கு. ஏனென்றால் நான் அன்றைக்கு வெள்ளிக்கிழமையை வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் புரியாணியை நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். மூன்றாம் தரம் கத்தரிக்காய்க்கு. அது சத்தியம்.

அதை ஒரு கட்டுரையாக எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் அன்றைக்குக் கதிரையில் இருக்கவேயில்லை என்று எழுதிய நான், நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. இன்றைக்குத்தான் அந்தக் குறை எனக்குத் தெரிந்தது. கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். சந்தைக்கு நீங்கள் இரண்டு தரம் போனதையும், அம்மிக்குழவி வைத்து மூடிய சட்டியையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன். அச்சுக்குப் போகலாமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் பஹ்மிதாவிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கிழித்துவிடுவேன். கோபிக்க மாட்டேன். நீங்கள் எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் எப்படியும் எனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா உங்கள் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை கூழ் குடிக்க வரச் சொல்கிறா. நண்டு போடலாமா என்று கேட்டு எழுதச் சொன்னா. நண்டு வேண்டாம் என்றால் மீனோடும் இறாலோடும் காய்ச்சலாம். அங்கிளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். நீங்கள் இருப்பதற்கு இப்போதே ஒரு கதிரை எடுத்து வைத்திருக்கிறேன்.”

ஒப்பம் வைத்தாள். அம்மா குசினியில் இருப்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கீழே சின்ன எழுத்தில் எழுதினாள்: “பின்குறிப்பு: அம்மா உங்களுக்காகப் புதுப்பானை வாங்கப் போகிறா. உங்களுக்குத் தெரியும் என்று தயவுசெய்து காட்டிக்கொள்ள வேண்டாம்.”

காலையில் கடிதவுறையை ஒட்டப் பார்த்தாள். கடற்காற்றுக்கு அதன் பசை எப்போதோ செத்துப்போயிருந்தது. ராத்திரிச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து மடிப்பில் வைத்து, பெருவிரலால் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மசித்து அழுத்தினாள். முத்திரையையும் அதே பருக்கையால் ஒட்டினாள். பஸ்ஸுக்கு முன்னம் தபாற்கந்தோர் வாசலுக்கு ஓடி, உறையைச் சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் பாதி விட்டு, முகவரியை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு கையை விட்டாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.